சவுத்தெண்டில் கடல் இல்லாத காலை

அக்கா வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. லண்டனில் யாழ்ப்பாணத்தார் வீடுகள் பலவற்றில் இருப்பதுதான். எல்லோரும் அதை ஷோகேஸ் என்பார்கள். மேல்தட்டில் அக்காவின் மகள் சிறு வயதில் நடனத்துக்கும் நீச்சலுக்கும் வாங்கிய கிண்ணங்கள். நடுத்தட்டில் யாரும் ஒருபோதும் தேநீர் குடித்திராத தேநீர்க் கோப்பைகள். கீழ்த்தட்டு முழுவதும் கடற்கரை: சிப்பி ஒட்டிய நகைப்பெட்டி, உச்சியில் கடற்பறவை உட்கார்ந்திருக்கும் பீங்கான் கலங்கரை விளக்கம், ஒரு பித்தளை மணி, குலுக்கினால் பனி கொட்டும் உருண்டைக்குள் பிரைட்டன் அரண்மனை. பிரைட்டனுக்கு நாங்கள் போனதெல்லாம் ஓகஸ்டில். அங்கே பனி பெய்து எங்களில் ஒருவரும் கண்டதில்லை.

பத்திரிகையில் வேலை செய்த பழக்கம், எதையும் திருப்பி அடியைப் பார்ப்பேன். சிப்பிப் பெட்டி பிலிப்பைன்ஸ். மணி இந்தியா. கலங்கரை விளக்கமும் அரண்மனையும் சீனா. ஒருநாள் அக்காவிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன," என்றாள். "நாங்களும் இஞ்சை செய்த சாமானோ?"

இந்த நாட்டுக்காரரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பழக்கங்களில் ஒருநாள் கடற்கரைப் பயணம்தான் எங்களுக்கு மிகவும் சுலபமாக வந்தது. காலையில் புறப்பட வேண்டும். காற்றில் நடுங்க வேண்டும். கொண்டுபோன சாப்பாட்டைக் கடற்பறவைகளிடமிருந்து காப்பாற்றிச் சாப்பிட வேண்டும். எதற்கும் உதவாத ஒரு பொருளை வாங்கிக்கொண்டு பொழுதுபட வீடு திரும்ப வேண்டும். இதில் விளங்காமல் போக எதுவும் இல்லை.

அப்போது அக்கா குடும்பமும் நானும் கோலியர்ஸ் வுட்டில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தோம். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடிக்கும். பெரும்பாலும் பிரைட்டன், ஒருமுறை வேர்த்திங். ஸ்ட்ரெதம் தாண்டுவதற்குள் பஸ்ஸுக்குள் பொரித்த ரோல்ஸ் மணம் வந்துவிடும். சாரதி முதலில் சாப்பிடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார். குரோய்டனில் அவர் கையிலும் ஒரு ரோல் இருக்கும்.

கரையில் இங்கிலாந்துக் குடும்பங்கள் காற்றைத் தடுக்கத் துணித் தட்டி கட்டி, கன்வஸ் சாய்கதிரைகளில் கோட்டோடு படுத்திருந்தன. பிளாஸ்கில் தேநீர், முட்டை வைத்த பாண். நாங்கள் பாய் விரித்து, பிளாஸ்கில் தேநீர், கட்டுச்சோறு. இரு பக்கமும் ஒரே கடலைப் பார்த்து ஒரே அளவில் நடுங்கிக்கொண்டிருந்தோம். பெண்கள் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, கையில் சப்பாத்தைப் பிடித்தபடி கணுக்கால் அளவுத் தண்ணீரில் நிற்பார்கள். ஆண்கள் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு அரசியல் பேசுவார்கள். பிள்ளைகள் மட்டும்தான் குளித்தார்கள்.

பிறகு கடைகள். அக்கா வாங்கியவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு துணி. வெள்ளைத் துணியில் பிரைட்டன் கடற்கரை, கப்பல், கழுதைச் சவாரி, கூம்பில் ஐஸ்கிரீம் எல்லாம் வண்ணத்தில் அச்சிட்டிருந்தது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மடிப்புப் போக இஸ்திரி போட்டு, நான்கு மூலையிலும் ஊசி குத்திச் சாமிப் படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். பல வருடம் அது அங்கே இருந்தது. மகள் பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய் வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது.

"அம்மா, அவையின்ர வீட்டிலை உதாலை கோப்பை துடைக்கினம்."

அக்கா சுவரைப் பார்த்தாள். "துடைக்கட்டும். அவைக்குக் கடல் கிட்ட."

துணி இறங்கவில்லை.

அத்தானின் அப்பா லண்டனுக்கு ஒரே ஒரு தடவை வந்தார். அந்தக் கோடையில் பஸ்ஸில் அவருக்கு முன்சீட். பிரைட்டனில் கூழாங்கற்களைப் பார்த்துவிட்டு, "மண்ணை ஆர் அள்ளிக்கொண்டு போனது?" என்று கேட்டார். அவரைக் கவர்ந்தது ராக் என்னும் சீனிக்குச்சி ஒன்றுதான். வெளியே ரோஸ் நிறம், உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்பெழுத்தில் ஊரின் பெயர். எங்கே கடித்தாலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கும். எழுத்து எப்படி உள்ளே போனது என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்கச் சொன்னார். அத்தான் கேட்டார். அவளுக்கும் தெரியாது. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர், அதைப் பாக்குவெட்டியால் சிறுதுண்டுகளாக நறுக்கிப் போத்தலில் போட்டு வைத்து, பனங்கட்டிக்குப் பதிலாக ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தாராம். அதன்பிறகு ஊருக்குப் போகிற எவர் பெட்டியிலும் அத்தான் ஒரு கட்டு ராக் வைத்துவிடுவார். பிரைட்டனுக்குப் போகிற எவரிடமும் வாங்கி வரச் சொல்லுவார்.

பஸ் பயணங்கள் நின்றன. ஆளுக்கொரு கார் வந்தது. பிள்ளைகள் விமானம் ஏறி வெயில் இருக்கும் கடற்கரைகளுக்குப் போனார்கள். அக்கா குடும்பம் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனோர் பார்க்குக்கு மாறியது. ஷோகேஸையும் துணியையும் கொண்டுபோனார்கள்.

அத்தானின் அப்பா ஊரில் இறந்தபோது அத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. விமானத்தில் ஏற டாக்டர் விடவில்லை. மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியை ஊரிலிருந்த அவருடைய தம்பி வைத்தார். அத்தான் அதை மனோர் பார்க்கில், சுவரில் சாய்த்துவைத்த ஒரு போனில் பார்த்தார். படம் இடையிடையே உறைந்து நின்றது. ஆண்டுத் திவசத்தையும் தம்பியே செய்து முடித்தார். அதற்குப் பின் வந்த முதல் ஆடி அமாவாசை போன கோடையில். அப்பாவை இழந்தவர்கள் விரதமிருந்து, கடலில் நின்று எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். அத்தான் தன் கையால் அப்பாவுக்குச் செய்யப்போகும் முதல் காரியம் அது. அதைக் கடலில்தான் செய்வதென்று நின்றார். கோவில் ஐயர் மற்ற விவரங்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சூரியன் உச்சிக்கு வருமுன் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார்.

மனோர் பார்க்கிலிருந்து கிட்டின கடல் சவுத்தெண்ட். நாங்கள் யாரும் முன்பு போனதில்லை.

மருமகள் கார் ஓட்டினாள். அக்காவின் மகளைத்தான் சொல்கிறேன். இப்போது வேலைக்குப் போகிறவள். அத்தான் முன்சீட்டில் பட்டுக்கரை வேட்டியோடு, மடியில் செம்பு, எள், தர்ப்பை, பிடித்துவைத்த பிண்டம் எல்லாம் அடங்கிய பையோடு இருந்தார். அக்கா பின்சீட்டில், அவள் காலடியில் சாப்பாட்டுக் கரியர். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் அந்த ஒரு நாளுக்காக வந்திறங்கும் காத்தோட்டிக்காயை வாங்கிக் கறி வைத்திருந்தாள். ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்தில் அது இல்லாமல் சமையல் இல்லை. என் அப்பா இருக்கிறார், எனக்கு விரதமில்லை. ஆனால் விரதகாரர் காரியத்தை முடிக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைப்பதில்லை. கார் முழுக்கக் கறி மணம். மருமகள் யன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். கடற்கரைச் சாலை இன்னும் விழித்திருக்கவில்லை. விளையாட்டு இயந்திரக் கடைகள் இரும்புக் கதவை இழுத்து மூடியிருந்தன. ஒரு பையன் நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தான். தடுப்புச் சுவருக்கு அப்பால் மஞ்சள் மணல் கொஞ்சம். அதற்கப்பால் சேறு. சாம்பல் நிறத்தில், பளபளவென்று, கண்ணுக்கு எட்டியவரை சேறு. அதில் படகுகள் சரிந்து கிடந்தன. பறவைகள் நடந்து திரிந்தன. இந்த நாட்டில் கடலுக்குள் நீட்டிக் கட்டும் பாலங்களில் எல்லாவற்றிலும் நீளமானது என்று சொல்லும் மரப்பாலம் அந்தச் சேற்றுக்கு மேலாக, ஒரு மைலுக்கு மேல், எதையோ தேடிப்போவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

அத்தான் சுவரோரம் நின்றார்.

"கடல் எங்கை?"

"டைட் வெளியிலை போயிருக்கு அப்பா," என்றாள் மருமகள்.

"எங்கை போனது?"

"வெளியிலை."

யாழ்ப்பாணத்தில் கடல் இருந்த இடத்தில் இருக்கும். வற்றும், பெருகும், ஆனால் ஒரு முழத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கடலுக்குப் போகுமுன் கடல் இருக்கிறதா என்று விசாரிக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. பிரைட்டனிலும் அது தேவைப்பட்டதில்லை. போதாக்குறைக்கு, கடல் மிகத் தூரத்துக்கு வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான். நாங்கள் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்தெடுத்த நாள் அது.

மருமகள் போனைத் தட்டினாள். "மத்தியானம் தாண்டித்தான் நிறையும் எண்டு போட்டிருக்கு."

"உச்சிக்கு முந்திச் செய்யோணும்."

"உச்சி பன்னிரண்டு இல்லை அப்பா. இப்ப சம்மர் டைம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கு. உண்மையான மத்தியானம் ஒரு மணிக்குத்தான்."

அத்தான் யோசித்தார். "ஐயர் எந்த டைமிலை சொன்னவர்?"

"அவர் சூரியனைத்தானே சொன்னவர்," என்றாள் அக்கா. "சூரியனுக்குக் கவுன்சிலோ டைம் மாத்திறது? பேசாமல் இருங்கோ. கடல் வரும்."

"வராட்டி?"

"வராமல் எங்கை போறது? அதுக்கும் இதுதானே வீடு."

அத்தானுக்கு அந்த நம்பிக்கை இல்லை. செருப்போடு மணலில் இறங்கினார். ஈரம் இருக்கும் இடம்வரை போய்ப் பார்க்கிறேன் என்றார். மணல் முடிந்து சேறு தொடங்கியதும் நாலைந்து அடி வைத்தார். ஆறாவது அடியில் கெண்டைக்கால்வரை புதைந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு நாரைபோல நின்றார். நான் கைகொடுத்து இழுத்தேன். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கரையில் அக்கா மற்றப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

"சிரியும், சிரியும்," என்றார் அத்தான். "சிரிச்சு முடிச்சிட்டு மற்றச் செருப்பையும் குப்பைக்குள்ளை போடும். ஒண்டை வைச்சு என்ன செய்யிறது?"

பாலத்தைச் சொன்னது நான். சிறிய ரயில் ஒன்று அதன் நுனிவரை போகும், நுனியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் வாசித்திருந்தேன். வாசல் திறந்ததும் அத்தானும் நானும் டிக்கெட் எடுத்தோம். அக்காவும் மருமகளும் பாயோடும் கரியரோடும் கரையில் இருந்தார்கள். ரயிலில் எங்களோடு தூண்டில் தடிகளோடு சிலரும், பேரப்பிள்ளைகளோடு ஒரு தம்பதியும். அத்தானின் வேட்டிக் கரையில் சேறு காய்ந்துகொண்டிருந்தது. கால் வெறுங்கால். யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதில் இந்த நாட்டுக்காரர் கெட்டிக்காரர்.

நுனியில் கடல் இருந்தது. பழுப்புப் பச்சையாக, தூண்களைச் சுற்றி நுரைத்துக்கொண்டு. ஆனால் வெகு ஆழத்தில். நாங்கள் நின்ற பலகைத் தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு மாடி வீட்டு உயரம் இருந்தது. இரும்புக் கம்பித் தடுப்பு வேறு. தூண்டில்காரர் கம்பியில் தடியைச் சாய்த்துவிட்டுக் கதிரையில் இருந்தார்கள். அத்தான் அவர்களைத் தாண்டி ஒரு மூலைக்குப் போய், பையைத் திறந்து செம்பை எடுத்து, கீழே எட்டிப் பார்த்தார். காற்று வேட்டியை அடித்தது.

"செய்யுங்கோ அத்தான்," என்றேன்.

"இதிலையிருந்து எறியத்தான் ஏலும்."

"ஓம், கீழை விழும்தானே."

"எறியிறதோ?" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "அப்பாவுக்கு எறியிறதோ தம்பி?"

செம்பைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அதைத் துணியால் சுற்றி வைக்க நேரமெடுத்தார். திரும்பிப் பார்த்தால் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது வரும்வரை நிற்கலாம் என்றேன். நடப்போம் என்றார். டாக்டர் அவருக்கு நடக்கச் சொல்லியிருந்தார், ஆனால் வெறும் வயிற்றில் இவ்வளவு தூரம் சொல்லியிருக்க மாட்டார்.

பாதி வழியில் அவராகச் சொன்னார். சின்ன வயதில் ஆடி அமாவாசைக்கு அப்பா கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். அப்பா தண்ணீரில் நின்று தன் அப்பாவுக்குச் செய்வார், இவர் படியில் அப்பாவின் சட்டையையும் மணிக்கூட்டையும் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"அந்த முதுகு மட்டும்தான் எனக்கு ஞாபகம். முன்னாலை என்ன செய்தவர் எண்டு நான் பாக்கேல்லை. ஐயரிட்டைக் கேட்டுத்தான் நேற்றுப் படிச்சனான்."

"சரியாத்தான் செய்வீங்கள்."

"கொள்ளி வைச்சதையும் போனிலைதான் பாத்தன். கையிலை ஒண்டும் இல்லை. கையிலை ஒண்டும் இல்லாமல் நிண்டன் பார்."

நான் கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன். பலகைகளுக்கு இடையே விரற்கடை இடைவெளி. அதன் வழியே சேறு தெரியும் என்று நினைத்தேன். தெரிந்தது தண்ணீர். நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் போகும் திசையில், கரையை நோக்கி, ஒரு வாய்க்காலில் திறந்துவிட்டதுபோல ஓடியது. தடுப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். போகும்போது சரிந்து கிடந்த ஒரு படகு நிமிர்ந்து மிதந்தது. அதற்கு முன்னாலிருந்த படகு அசைந்து, எழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தண்ணீரின் முன்விளிம்பு எங்களைவிடச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், கீழை பாருங்கோ."

குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து வேகமாக நடக்கத் தொடங்கினார். மெல்லப் போங்கள் என்றேன். கேட்கவில்லை. எதிரே ஐஸ்கிரீமோடு வந்த ஒரு குடும்பம் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. நினைவுப் பொருள் கடை திறந்து, வாசலில் காற்றாடிகளும் ராக் குச்சிகளும் தொங்கின. வழக்கமாக அத்தான் அவற்றைத் தாண்டிப் போகிற ஆளில்லை. அன்று போனார்.

நாங்கள் மணலில் இறங்கியபோது கடற்கரை நிறைந்திருந்தது. வாடகைக் கதிரைகள், வாளியும் மண்வெட்டியுமாகப் பிள்ளைகள், துணித் தட்டிகள், எங்கோ ஒரு ரேடியோ. அக்கா பாயை மூன்று தடவை பின்னால் இழுத்து விரித்திருந்தாள்.

"நான் சொன்னனான் வருமெண்டு," என்றாள். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "மூச்சு வாங்குது உங்களுக்கு. இருந்திட்டுச் செய்யுங்கோ."

"சூரியன்?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மெல்லிய மேகத்துக்குள் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அது உச்சியில் இருந்ததா, இனித்தான் வரப்போகிறதா என்று சவுத்தெண்டில் நின்று எவராலும் சொல்ல முடியாது.

"ஒரு மணி ஆகேல்லை அப்பா," என்றாள் மருமகள். "உங்களுக்கு நேரம் இருக்கு."

அவர் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தார். நெஞ்சு விறைக்கத் தண்ணீரில் முழுகக்கூடாது, தலையில் தெளித்தால் போதும் என்று அக்கா ஏற்கெனவே ஐயரிடமும் டாக்டரிடமும் அனுமதி வாங்கி வைத்திருந்தாள். முழங்கால்வரை இறங்கினார். பக்கத்தில் காற்றுமெத்தையில் மிதந்த இரண்டு பிள்ளைகளை அவர்களுடைய தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாள். தர்ப்பையை விரலில் போட்டார். எள்ளைக் கையில் வைத்துச் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார். உதடு அசைந்தது. அப்பாவின் பெயர், அப்பாவின் அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர். மூன்றாவது பெயரில் தடுமாறி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். பிண்டத்தை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் கொண்டுபோய், அடியில் வைத்தார். எறியவில்லை. கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

காரியம் முடிந்துவிட்டது. அக்கா கரியரைத் திறக்கத் தொடங்கினாள். காத்தோட்டிக்காய்க் கறியின் மணம் வந்தது. பக்கத்துக் கதிரையிலிருந்த கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தார். எனக்கு நல்ல பசி.

அத்தான் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி அப்படியே நின்றார். முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. வேட்டி மேலெழும்பி அவரைச் சுற்றி விரிந்து மிதந்தது.

"அப்பா, குளிரப்போகுது," என்று மருமகள் கூப்பிட்டாள். சட்டையும் கடிகாரமும் அவள் கையில் இருந்தன. "முடிஞ்சுதுதானே. வாங்கோ."

"கொஞ்சம் பொறம்மா," என்றார் அவர், திரும்பாமல். "இப்பதானே வந்தது."